பெரட்டுக்களத்திலிருந்து மேற்பிரிவு வரை

ஓர் ஏச்சு எங்கே போய் முடிகிறது? வாங்கியவனின் காதிலா, அவன் வீட்டிலா, அல்லது அவனுக்கும் ஏசியவனுக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவரின் உடம்பிலா? அழகரைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு விரைவாகக் கிடைக்கிற பதில்களை நம்புவது கடினம்.

பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அழகர் கொழுந்து லொறி ஓட்டினார். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஏற்றிச் செல்வது, பகலிலும் மாலையிலும் எடை நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்கி வருவது, இதுதான் வேலை. லொறியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. ஏற்றாமல் போனால் பெண்கள் மலைக்குப் பிந்திப் போவார்கள் என்பதும் அலுவலகத்துக்குத் தெரியும்.

இளவயதில் பதுளை நகரில் ஒரு மளிகைக்கடையின் வேனை ஓட்டிப் பழகியவர். கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்ததும் தோட்டத்துக்கே திரும்பிவந்து பாக்கியலெட்சுமியைக் கட்டிக்கொண்டார். குடிக்க மாட்டார். மனைவி மீது கை நீட்டியதில்லை. மேலே உள்ளவர்களை எதிர்த்துப் பேசியதில்லை. நல்ல மனிதர் என்று பலரும் சொல்வதற்கு இந்த மூன்றும்தான் காரணம். மூன்றும் அவர் செய்யாதவற்றின் கணக்கு. செய்யாதவற்றை வைத்து ஒரு மனிதரை நல்லவர் என்பது எவ்வளவு தூரம் சரி என்று தெரியவில்லை.

நல்ல சாரதி என்பதும் பாதி உண்மைதான். மேற்பிரிவுப் பாதை ஒரே ஒரு வாகனம் போகும் அகலம். ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் சரிவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வண்டியைத் தளரவிட்டு, நீளமாக ஹோன் அடித்து, எதிரிலிருந்து பதில் ஹோன் வருகிறதா என்று கேட்ட பிறகே திரும்ப வேண்டும். பதில் வந்தால் இறங்குகிற வண்டி ஒதுங்கி இடம் கொடுக்கும். அந்தப் பாதையில் ஓட்டுவது என்றால் முக்கால்வாசி அடுத்தவரிடம் வழி கேட்பதுதான். சாதாரண நாட்களில் அழகர் அதைப் பிசகாமல் செய்தார். பின்னால் நிற்கும் பெண்கள் கம்பியைப் பிடிக்காமலே வெற்றிலை மடிப்பார்கள்.

பெரட்டில் ஏச்சு வாங்கிய நாட்களில் அவர் ஹோன் அடிக்க மாட்டார்.

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களைக் களத்தில் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. ஏச்சும் அங்கேதான் பிரித்துக் கொடுக்கப்படும். எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்து, பெயர் சொல்லி. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ் அதில் கைதேர்ந்தவர். ஆனால் அவர் களத்துக்கு வரும்போதே தொலைபேசியில் தோட்ட முகாமையாளரான பெரிய துரையிடம் வாங்கிக்கொண்டுதான் வருவார். வாய்க்குள் “யெஸ் சேர், யெஸ் சேர்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். பெரிய துரைக்கும் கொழும்பிலிருந்து யாரோ அழைத்திருக்கக்கூடும். அப்படிப் பார்த்தால் அந்த ஏச்சு எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அழகர் அதற்கு இறுதி ஆள் என்பது மட்டும் தெரியும். அவருக்குக் கீழே யாரும் இல்லை. கீழே இருந்தது ஒரு லொறி.

“என்னா அழகரு, நேத்து கொழுந்து அவிஞ்சு போயித்தான் ஃபெக்டரிக்கு வந்திருக்கு. வழியில வண்டிய நிப்பாட்டிட்டு தூங்குனியா?”

“இல்லிங்க ஐயா. கொழுந்த நிறுத்து முடியவே நேரமாயிருச்சுங்க.”

“வாய் பேசாத. ஒனக்கு ஸ்டியரிங்க குடுத்ததுக்கு ஒரு மாட்ட கட்டிருக்கலாம்.”

நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது தங்களுக்கு என்று தெரியும். அழகர் தலையைக் குனிந்துகொண்டு போய் லொறியில் ஏறுவார். கதவு சாத்தும் சத்தத்திலேயே பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

“இன்னைக்கி எத்தன வாங்குனாரு?”

“கணக்கப்புள்ள எண்ணியா குடுப்பாரு? அள்ளிக் குடுப்பாரு.”

“அப்ப நான் நடந்துக்கிறேன் தாயி. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு.”

தனக்கு என்ன ஆகிறது என்பது அழகருக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் மனைவியிடம் சொன்னார்: “ரோட்டுல நடு துண்டு மட்டுந்தான் தெரியுது பாக்கியம். ரெண்டு பக்கமும் இருட்டிக்கிட்டு வருது. அந்தாள் மொகந்தான் கண்ணாடியில நிக்கிது. நான் வண்டியில இருக்கேங்கிறதே வளைவு முடிஞ்ச பொறகுதான் ஞாவகம் வருது.” தன் கால் எப்போது அழுத்தியது என்று தெரியாமல் லொறி வேகமெடுத்திருக்கும். பிரேக்கை நினைக்க வேண்டிய இடத்தில், சொல்லாமல் விட்ட பதிலை நினைத்துக்கொண்டிருப்பார்.

அவர் சும்மா இருக்கவும் இல்லை. களத்துக் குழாயில் முகத்தைக் கழுவிப் பார்த்தார். கைத்தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பசறையில் ஒரு டொக்டரிடம் காட்டினார். பிரஷர் இருக்கிறது, மாத்திரை தருகிறேன், டென்ஷன் ஆகாமல் இருங்கள் என்றார் டொக்டர்.

“அந்த மாத்திரைய எங்க கணக்கப்புள்ளைக்கி எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கணும்” என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை.

ஓட்டுவதை விட்டுவிடுகிறேன், மண்வெட்டி வேலை கொடுங்கள் என்றும் கேட்டார். வேறு சாரதி இல்லை என்று கிருஷ்ணராஜ் மறுத்தார். “ஓட்ட முடியாட்டி சொல்லு. பேர வெட்டிட்டு வேற ஆளப் பாக்குறேன்.” வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டினால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாக்கியலெட்சுமி ஈர மலையில் கொழுந்துச் சாக்குடன் சறுக்கி விழுந்து முதுகெலும்பு கெட்டுப் படுத்தவள். அவள் பேர் ஏற்கெனவே போய்விட்டது. மகள் சிவசக்தி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா, குடும்பத்தில் ஓர் ஆள் தோட்டத்தில் வேலை செய்யும் வரைதான். அழகர் லொறியை விட்டு இறங்கினால் மூன்று பேரும் காம்பராவை விட்டு இறங்க வேண்டும். ஆகவே தான் ஓட்டக் கூடாத நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே அவர் ஒவ்வொரு நாளும் ஓட்டினார்.

பெண்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். அது இந்தக் கதையின் மிகத் துயரமான பகுதி என்று சொல்லலாம். ஏனென்றால் அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஏச்சு விழுந்த நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி லொறியில் ஏறாமல் நின்றுவிட்டு, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். மேலே போய்ச் சேரப் பிந்தியது. பிந்தியதால் கொழுந்து குறைந்தது. ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டபோது, அழகர் அண்ணன் கோபத்தில் ஓட்டுகிறார், பயமாக இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் வேலை போகும். எனவே பேசாமல் நின்றார்கள். கிருஷ்ணராஜ் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். மறுநாள் பெரட்டில் அதைச் சொன்னார்.

“பொம்பளைங்கள ஏத்தாம வெறும் லொறிய ஓட்டிக்கிட்டு போறியாமே. டீசல் ஒங்க அப்பன் ஊட்டுதா?”

அன்றும் ஏச்சு. அன்றும் பெண்கள் நடந்தார்கள். அதற்கு மறுநாளும் அதே ஏச்சு. தன்னைக் கண்டு பெண்கள் ஒதுங்கிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தபோது அழகருக்கு அது இன்னொரு பெரட்டாக இருந்தது. வெறும் லொறி பாதையில் இன்னும் வேகமாக ஏறியது.

இதை முதலில் புரிந்துகொண்டவள் நல்லம்மா. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவள். அழகரின் லயத்திலேயே கடைசிக் காம்பராக்காரி. ஒருநாள் களத்தில் பெண்களை நிறுத்தினாள்.

“ஏன்டி, நாம நடக்குறதாலதான் அந்த மனுசனுக்கு ஏச்சு விழுகுது. ஏச்சு விழுகுறதாலதான் நாம நடக்குறோம். இது எங்க போயி நிக்கும்? ஏறுங்கடி. நான் முன்னுக்கு ஒக்காந்துக்கிறேன்.”

“நீ முன்னுக்கு ஒக்காந்து என்னாக்கா செய்வ? பிரேக்க மிதிப்பியா?”

“அவன் காத மிதிப்பேன்.”

அன்றிலிருந்து அவள் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். ஏறிய நிமிடத்திலிருந்து பேசினாள். மருமகள் கம்சலா ரொட்டிக்கு உப்புப் போட மறந்தது, நாடகத்தில் நேற்றுச் செத்தவள் இன்று எழுந்து வந்தது, ஆடு பக்கத்து மரக்கறிப் பாத்தியை மேய்ந்தது. வளைவு வந்ததும் கதையை அந்தரத்தில் நிறுத்துவாள்.

“பேசுறது என் வேல. ஹோன் அடிக்கிறது ஒன் வேல தம்பி.”

“சரிக்கா, சரிக்கா.” அழகர் அடிப்பார்.

பல மாதங்கள் இது பலித்தது. பெண்கள் நேரத்துக்குப் போனார்கள். கிருஷ்ணராஜுக்குச் சொல்ல ஒன்று குறைந்தது. கோபத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒரு மனிதரின் கோபம் குறையவில்லை, அதை அணைப்பதற்கு இன்னொருவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகை மழையில் மலையெல்லாம் பனிமூட்டம் அடைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. கொழுந்து போதாமல் தொழிற்சாலையில் பாதி இயந்திரங்கள் நின்றுவிட்டன. கிருஷ்ணராஜ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்ததும் அழகரைத்தான் கூப்பிட்டார். முதலில் லொறி பிந்தியதைப் பற்றிப் பேசினார். பிறகு, எதற்கென்று யாருக்கும் விளங்காமல், பேச்சை அழகரின் வீட்டுக்குத் திருப்பினார்.

“ஒம் பொண்டாட்டி வருசக்கணக்கா படுத்துக்கிட்டே காம்பராவ புடிச்சு வெச்சிருக்கா. படுக்குறதுக்குத் தோட்டத்துல வூடு குடுக்க முடியாது. தெரியுமா? வேல செய்றவளுக வெளியில நனையிறாளுக.”

அழகர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்ததைச் சிலர் கண்டிருக்கிறார்கள். சத்தம் வரவில்லை. களத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை.

பெண்கள் லொறிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார்கள். “இன்னைக்கி நடப்போங்க்கா” என்றாள் ஒருத்தி. நல்லம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னைக்கி நடந்தாத்தான்டி அவன் செத்துருவான். ஏறு.” ஏறினார்கள். அவள் சொன்னதற்காக ஏறினார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பின்னால் நின்றவர்கள் சொன்னதிலிருந்து அறியலாம். முன்னால் நல்லம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் வளைவில் ஹோன் இல்லை. “அடிய்யா” என்றாள். இரண்டாவதிலும் இல்லை. “தம்பி, என்னையப் பாரு. அந்தக் கணக்கப்புள்ள கெடக்குறான். நம்ம பாக்கியத்த எனக்குத் தெரியாதா?” என்றாள். அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பின்னால் நின்ற ஒருத்தி இன்றும் யோசிக்கிறாள். அழகர் கத்தினார். பல வருடத்துக் கத்தல்.

“நீயும் எனக்குப் பெரட்டு வெக்கிறியா? பேசாம வா!”

நல்லம்மா பேசாமல் இருந்தாள். லொறி மூன்றாவது வளைவுக்குள் புகுந்தது. பனிக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ ஹோன் அடித்துக்கொண்டேதான் இறங்கியது. அழகருக்குக் கேட்கவில்லை. கண்ணில் பட்டபோது ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தார். மறுபக்கம் ஒடித்திருந்தால் லொறியோடு எல்லோரும் சரிவில் போயிருப்பார்கள். லொறி கானுக்குள் இறங்கி, இடப்பக்கம் சாய்ந்து, வெட்டிய பாறையில் மோதி நின்றது. ஆட்டோக்காரருக்கும் அதில் வந்த ஓர் ஆசிரியைக்கும் ஒரு கீறலும் இல்லை. பின்னால் நின்றவர்களில் சிலருக்குக் கை முறிந்தது, பல் உடைந்தது. நல்லம்மா உட்கார்ந்திருந்தது இடப்பக்கம்.

கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

பொலிஸார் அழகரைப் பலூன் ஊதச் சொன்னார்கள். நிறம் மாறவில்லை. குடித்திருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். சாராயத்துக்கு மணம் உண்டு, பரிசோதிக்கக் கருவி உண்டு. காலையில் களத்தில் ஒருவர் உள்ளே ஊற்றிக்கொண்டதைக் கண்டுபிடிக்க எந்தப் பலூனும் இல்லை. “பிரேக் புடிக்கலன்னு சொல்லுங்கண்ணே” என்று காயப்பட்ட பெண்களே அவர் காதில் சொன்னார்கள். பொலிஸாரிடமும் அப்படியே சொன்னார்கள். மோட்டார் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, பிரேக்கில் பிழை இல்லை என்று அறிக்கை எழுதினார். ஆட்களை ஏற்றியது சாரதியின் சொந்த முடிவு என்று தோட்டம் எழுதிக் கொடுத்தது.

பிணையில் வந்த பிறகு அழகர் லயத்துக்குள் அதிகம் நடமாடவில்லை. நல்லம்மாவின் காம்பராவைக் கடந்துதான் தண்ணீருக்குப் போக வேண்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போவார். அங்கே கதவு திறந்திருந்தால் வெறும் வாளியோடு திரும்பிவிடுவார். பாக்கியலெட்சுமி படுத்தபடியே கேட்பாள்: “தண்ணி எங்கங்க?” “வரல்ல” என்பார்.

தொழிற்சங்கம் ஒழுங்குசெய்த சட்டத்தரணி மேனுஷா பதுளையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்தார். இளவயதுப் பெண், விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் பேசினார்.

“அண்ணன், குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு, அன்று காலை என்ன நடந்தது என்று நீதவானுக்குச் சொல்லலாம். வேலையை மாற்றித் தரும்படி நீங்கள் கேட்டதையும், அவர் மறுத்ததையும் சொல்லலாம். சாட்சி இருந்தால் சிறை இல்லாமல் போகக்கூடும். அந்த வாக்குமூலத்தை வைத்துக் காம்பராவுக்காகவும் நான் தோட்டத்தோடு பேசலாம். சாட்சி வருமா?”

வாசலில் நின்றவர்களில் கம்சலா முன்னால் வந்தாள். மாமியார் நல்லம்மாவின் காரியம் முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

“நான் வாரேன். எங்க அத்த செத்தது இவரு கையால. அத நான் மன்னிக்கல்ல. ஆனா அந்தக் களத்துல நானும் நின்னேன். காதுல விழுந்தத சொல்லுவேன்.”

அவள் சொன்ன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். அது சின்ன விஷயம் அல்ல. கணக்கப்பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு மறுநாள் அதே பெரட்டில் நிற்க வேண்டும். அதற்குத் தண்டனையாகச் செங்குத்தான மலையும் அட்டைக்கடியும் அவர்கள் பங்குக்கு வரும். எல்லாம் தெரிந்துதான் வந்தார்கள். இந்தக் கதையில் தயக்கமின்றிப் பாராட்டக்கூடியது அது ஒன்றுதான்.

வழக்கு நாளுக்கு முந்திய மாலை சிவசக்தி அப்பாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பாக்கியலெட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் என்னையச் சொன்னத கோர்ட்டுல சொல்ல வெக்கப்படாதீங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. எனக்கு இந்தக் கூர வேணும். புள்ள பரீட்ச எழுதணும். சொல்லிருவீங்கல்ல?”

“ம்” என்றார்.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். அழகருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. தோட்டம் காம்பராவைக் கேட்டது. பாக்கியலெட்சுமியைக் கதிரையில் வைத்துத்தான் தூக்கி இறக்கினார்கள். இப்போது தாயும் மகளும் பதுளை நகரின் ஓரத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். சிவசக்தி பரீட்சை எழுதவில்லை. ஒரு புடைவைக்கடையில் நிற்கிறாள். கிருஷ்ணராஜ் அதே களத்தில் நிற்கிறார். லொறிக்கு வேறு சாரதி வந்திருக்கிறார்.

வழக்கு நாளன்று பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் வந்து நின்றார்கள். கம்சலா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். உள்ளே அழகர் கூண்டில் ஏறினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் எதையோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: அன்றைக்கு வண்டி எடுப்பதற்கு முன், உங்கள் மனதைக் குழப்பும்படியாக வேலையிடத்தில் ஏதாவது நடந்ததா?

மேனுஷா எழுந்து நின்று அவரைப் பார்த்தார். சிவசக்தி பார்த்தாள். பின்வரிசையில் கிருஷ்ணராஜும் உட்கார்ந்திருந்தார். கையில் தொலைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“இல்லிங்க” என்றார் அழகர். “ஒண்ணும் நடக்கல்ல.”

நீதவானுக்கு அது போதவில்லை போலும். மறுபடியும் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் சொன்னார், இம்முறை மெதுவாக. சாட்சிகள் வெளியே காத்திருப்பதாக மேனுஷா இடையிட்டுச் சொன்னார்.

“அவங்கள கூப்புட வேணாங்க. வழக்கம் போல பெரட்டு முடிஞ்சிச்சு. வழக்கம் போல வண்டிய எடுத்தேன்.”

அன்றும் சரி, சிறையில் பாக்கியலெட்சுமியின் சார்பில் சிவசக்தி போய்க் கேட்ட நாட்களிலும் சரி, ஏன் அப்படிச் சொன்னார் என்று அழகர் ஒருவரிடமும் சொல்லவில்லை.